வாரண்டி இருக்கும் மடிக்கணினியில் பிராசசரையும் ராமையும் மாற்றலாமா?

கேள்வி: பக்கவடிவன் (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் புத்தக வடிவமைப்புத் தொழில் செய்கிறேன். பதிப்பகங்கள் அனுப்பும் எழுத்துப்படிகளைப் பக்கம் பிரித்து, அட்டை வடிவமைத்து, அச்சகத்துக்குத் தர வேண்டிய பிடிஎஃப் வரை முடித்துக் கொடுப்பது என் வேலை. ஒன்பது மாதங்களுக்கு முன்பு உள்ளூர்க் கடை ஒன்றில் ஒரு மடிக்கணினி வாங்கினேன். இன்டெல் ஐ5-1235யூ பிராசசர் (கணக்கிடும் சிப்), 8 ஜிபி டிடிஆர்4 ராம் (திறந்திருக்கும் வேலையைத் தாங்கும் தற்காலிக நினைவகம், அதாவது மெமரி), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்). மூன்றாண்டு வாரண்டியில் இன்னும் இரண்டேகால் ஆண்டு மீதமிருக்கிறது.

முதல் சில மாதங்கள் குறையொன்றும் இல்லை. இப்போது அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட, படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தைப் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் திறந்து வைத்துக்கொண்டு, அட்டைக்காகப் போட்டோஷாப்பையும், சொல் சரிபார்க்க உலாவியில் நாலைந்து பக்கங்களையும் திறந்தால், பக்கத்தைத் தள்ளும்போது படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்தான் முதலில் தெரிகிறது. சில நொடிகள் கழித்தே படம் வருகிறது. ஒரு நாளில் இருநூறு முறை அந்தக் கட்டத்தைப் பார்த்துக் காத்திருப்பவனுக்குத்தான் அந்தச் சில நொடிகளின் நீளம் தெரியும்.

பழுது பார்க்கும் ஒருவரிடம் கேட்டேன். பிராசசரை ஐ7 ஆக மாற்றி, ராமையும் கூட்டித் தருவதாகவும், அது வாரண்டிக் கம்பெனிக்குத் தெரியவே வராது என்றும் அவர் சொன்னார். வாங்கிய கடையில் விசாரித்தபோது, அடிமூடியின் திருகாணி மேல் ஒட்டியிருக்கும் சிறிய தாள் கிழிந்தாலே வாரண்டி போய்விடும், ராம்கூடச் சேர்க்க முடியாது என்றார்கள். ஒருவர் எல்லாம் செய்யலாம் என்கிறார், மற்றவர் எதுவுமே செய்யக் கூடாது என்கிறார். இரண்டுமே சரியாக இருக்க முடியாது என்பது மட்டும் எனக்குப் புரிகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ராம் இடங்கள் இரண்டில் ஒன்று பயன்பாட்டில் உள்ளதாகக் காட்டுகிறது. வாரண்டியை இழக்காமல் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: சாலிடர்மேசை (சென்னை)

வணக்கம். ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பதினாறு ஆண்டுகளாக மடிக்கணினிப் பழுது பார்த்து வருகிறேன். முதலில் பிராசசர் பேச்சை முடித்துவிடுகிறேன். உங்கள் கணினியில் பிராசசரை மாற்ற முடியாது. வாரண்டி தடுக்கிறது என்பதால் சொல்லவில்லை. கழற்றி மாட்டும் பொருளாக அது செய்யப்படவே இல்லை.

ஒரு காலத்தில் முடிந்தது. இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரை, அதாவது 2013இல் வந்த ஹாஸ்வெல் வரை, பல மடிக்கணினிகளில் பிராசசர் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் உள்ள ஒற்றைத் திருகை அரைச்சுற்றுத் திருப்பினால் கையில் வந்துவிடும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து மடிக்கணினிக்கான பிராசசர்கள் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டு, அதாவது உருக்கிய உலோகத்தால் ஒட்டப்பட்டு வருகின்றன. உங்களுடைய 1235யூவின் அடியில் 1744 சாலிடர்ப் புள்ளிகள் உண்டு. ஈயம் கலக்காத சாலிடர் உருக ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆகவே பிராசசரை எடுப்பதென்றால் போர்டை அதற்கும் மேலே சூடாக்கி, அத்தனை புள்ளிகளும் ஒரே நேரத்தில் இளகும் கணத்தில் தூக்கி, அடியைச் சுத்தம் செய்து, வேறொன்றை மயிரிழை பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். அதற்குரிய இயந்திரம் எங்களைப் போன்ற சில கடைகளில் உண்டு. செத்த போர்டுகளை எழுப்பிப் பார்க்க அதைப் பயன்படுத்துகிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போர்டை அதில் வைப்பது வேறு கதை. அப்படியே வைத்தாலும் புதிய பிராசசரை அந்தப் போர்டின் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏற்றுக்கொள்ள வேண்டும். வேலை நடந்த தடத்தை எந்த சர்வீஸ் பொறியாளரும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். சிப்பின் ஓரத்தில் பிசுக்காகத் தங்கும் பிளக்ஸே (சாலிடர் ஒட்டுவதற்காகப் பூசும் பசை) காட்டிக்கொடுத்துவிடும். ‘தெரியவே வராது’ என்று சொன்னவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

சரி, மாற்றினால்தான் என்ன கிடைக்கும்? உங்கள் ஐ5-1235யூவுக்கு 10 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். அதே வரிசையின் ஐ7-1255யூவுக்கும் அதே 10 கோர்கள்தான், உச்ச வேகம் 4.7. இரண்டும் 15 வாட் பிராசசர்கள். பெயரில் ஐந்து ஏழாகிறது. உங்கள் சாம்பல் கட்டம் அப்படியே இருக்கும்.

சாக்கெட் இருந்த காலத்திலும் இது நினைத்த அளவுக்கு எளிதாக இருக்கவில்லை. 2012இல் வாடிக்கையாளர் ஒருவரின் கணினியில் இருந்த ஐ3-2310எம்மை எடுத்துவிட்டு ஐ7-2630கியூஎம் போட்டுக் கொடுத்தேன். சாக்கெட் ஒன்றுதான், பயாஸும் ஏற்றுக்கொண்டது, மாலையில் அவர் மகிழ்ச்சியாக எடுத்துப் போனார். முன்னது 35 வாட், பின்னது 45 வாட் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. உள்ளே இருந்த விசிறியும் செப்புக்குழாயும் 35 வாட் சூட்டுக்காக அளந்து வைத்தவை. சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், பத்து நிமிடம் வீடியோ ஓடினால் கணினி தானாக அணைந்தது. பழைய பிராசசரையே திரும்பப் போட்டுக் கொடுத்து, வாங்கிய கூலியையும் திருப்பித் தந்தேன். அதற்குப் பிறகு பிராசசர் மாற்றக் கேட்டு வருபவர்களிடம் முதலில் விசிறியைப் பற்றித்தான் பேசுவேன்.

இனி ராம். உங்களுக்கு உண்மையில் குறைவது இதுதான் என்று நினைக்கிறேன். உறுதி செய்ய ஒரு சோதனை: வழக்கமான வேலைச் சுமையோடு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு (பிராசசர்) எத்தனை சதவீதம், மெமரி (ராம்) எத்தனை சதவீதம் என்று ஒரே நேரத்தில் பாருங்கள். அதே பக்கத்தில் ‘ஃபார்ம் ஃபாக்டர்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே ‘சோடிம்’ என்று இருந்தால் உங்கள் 8 ஜிபி கழற்றக்கூடிய அட்டை. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அது போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டது. இரண்டில் ஒன்று என்று காட்டுவதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். சாலிடர் செய்த ராமையும் அது ஓர் இடமாகத்தான் கணக்கிடுகிறது. அப்படிப் போய் ஒரே அளவில் இரண்டு அட்டைகள் வாங்கி வந்து, ஒன்றைப் போட இடமில்லாமல் என் மேசைக்கு வந்தவர்கள் பலர். இரண்டையும் பார்த்து இங்கே எழுதுங்கள்.

பதில் 2: பக்கவடிவன் (மதுரை)

மிக்க நன்றி ஐயா. பார்த்தேன். புத்தகமும் அட்டையும் உலாவியும் திறந்திருக்கும்போது மெமரி 93 சதவீதம். சிபியு 40ஐத் தாண்டுவதே அரிதாக இருக்கிறது. ஃபார்ம் ஃபாக்டரில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றே உள்ளது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கணினிப் பெட்டியின் மேல் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள்; விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரிலோ, திரையில் படம் காட்டும் அந்தப் பகுதியின் பெயர் இன்டெல் யூஎச்டி கிராபிக்ஸ் என்று இருக்கிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில் 3: சாலிடர்மேசை (சென்னை)

இல்லை. ஐரிஸ் எக்ஸ்இ முழுதாக இயங்க ராம் இரண்டு வழிகளில், அதாவது டூயல் சேனலில் இருக்க வேண்டும் என்பது இன்டெல்லின் நிபந்தனை. ஒற்றை வழியில் இருக்கும்போது அதே கிராபிக்ஸ் யூஎச்டி என்ற பெயரில், அதற்குரிய வேகத்தில்தான் ஓடும். காலியாக உள்ள இடத்தில் ஓர் அட்டை போட்டதும் பெயர் தானாக மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

போட வேண்டியது டிடிஆர்4 சோடிம், 3200 வேகம், 260 பின், 1.2 வோல்ட். கடைக்காரர் டிடிஆர்5 கொடுத்தால் வாங்காதீர்கள். அது 262 பின், வெட்டு இருக்கும் இடமே வேறு, உட்காராது. 8 ஜிபி அட்டை போட்டால் மொத்தம் 16, முழுவதும் டூயல் சேனல். 16 ஜிபி அட்டை போட்டால் மொத்தம் 24. அதில் முதல் 16 ஜிபி டூயல் சேனலாகவும், மிச்சமுள்ள 8 ஒற்றை வழியாகவும் ஓடும். உங்கள் வேலைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். படம் நிறைந்த கோப்புகளுக்கு இடம் இருப்பதே முதல் தேவை. வேகத்தின் சிறு வேறுபாடு அதற்குப் பிறகுதான். ஆனால் உங்கள் மாடல் எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பதில் 4: நுகர்வோர்பக்கம் (திருச்சி)

நான் வழக்கறிஞர். தொழில்நுட்பம் பற்றி மேலே உள்ளவர் எழுதியதில் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. வாரண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தக் கேள்வியில் பலர் தடுமாறும் இடமும் அதுதான்.

முதலில் ஒரு கேள்வி. திருகாணி மேல் ஒட்டியிருக்கும் தாளில் யாருடைய பெயர் இருக்கிறது? கணினித் தயாரிப்பாளரின் வாரண்டி என்பது உங்களுக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலானது. அதன் நிபந்தனைகள் பெட்டியோடு வந்த வாரண்டிக் குறிப்பேட்டிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ எழுத்தில் இருக்கும். விற்ற கடை தன் வசதிக்காக ஒட்டிய தாள் அந்த நிபந்தனைகளில் ஒன்றாகிவிடாது. குறிப்பேட்டில் இல்லாத ஒரு தடையைக் கடைக்காரர் வாய்மொழியாகச் சேர்க்கவும் முடியாது.

குறிப்பேட்டில் பொதுவாக என்ன இருக்கும்? நிறுவனம் விற்காத உதிரி பாகங்களுக்கு வாரண்டி பொருந்தாது என்றும், அத்தகைய பாகங்களாலோ அவற்றைப் பொருத்தும்போதோ ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றும் இருக்கும். இதை ‘வேறு ராம் போட்டால் வாரண்டியே இல்லை’ என்று படிப்பது தவறு. நீங்கள் போட்ட ராம் பழுதானால் அதை விற்ற ராம் நிறுவனத்திடம் போக வேண்டும். போடும்போது நீங்கள் போர்டைக் கீறினால் அது உங்கள் செலவு. அந்த ராமுக்குத் தொடர்பே இல்லாமல் திரையில் கோடு விழுந்தாலோ, விசைப்பலகையில் ஓர் எழுத்து வேலை செய்யாமல் போனாலோ வாரண்டி அப்படியே நிற்கிறது. ஆனால் சில மாடல்களின் குறிப்பேட்டில், அடிமூடியை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் மட்டுமே திறக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். உங்களுடையதில் அப்படி ஒரு வரி உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கில் வெல்லலாம் என்ற நம்பிக்கையில் கணினியைத் திறப்பது அறிவுடைமை ஆகாது.

இணையத்தில் தேடினால் அமெரிக்கச் சட்டத்தை மேற்கோள் காட்டும் கட்டுரைகள்தான் நிறையக் கிடைக்கும். அங்கே 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், எங்கள் பாகத்தையே போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை விதிப்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. திருகாணித் தாள் கிழிந்தால் வாரண்டி போகும் என்ற வகை வாசகங்களுக்காக அந்நாட்டின் வணிக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதை இங்குள்ள சர்வீஸ் மையத்தின் மேசையில் எடுத்து வைத்துப் பயனில்லை. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. பல நிறுவனங்களின் கையேடுகளும் வாரண்டி விவரங்களும் அதன் வழியே கிடைக்கின்றன. வாரண்டியைக் காரணமின்றி மறுத்தால் துணைக்கு வருவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இதெல்லாம் வேண்டியிராமல் இருக்க ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கணினியின் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, ‘இந்த மாடலில் காலியாக உள்ள ராம் இடத்தில் நானே டிடிஆர்4 அட்டை பொருத்தினால் வாரண்டி தொடருமா?’ என்று தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள். தொலைபேசியில் கிடைக்கும் ‘தாராளமாகப் போடலாம் சார்’ என்பதற்கு ஆறு மாதம் கழித்து மதிப்பே இருக்காது.

பதில் 5: ஆய்வகப்பொறுப்பாளர் (கோவை)

ஒரு கல்லூரியில் அறுபது மடிக்கணினிகளைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் சிறிது மாறுபடுகிறேன். மேலே இருவரும் சொன்னது சரிதான். ஆனால் கணினியைத் திறந்து பழக்கமில்லாதவர் முதல் முறையாகத் திறக்கப்போவது சோறு போடும் கணினி என்றால், சர்வீஸ் மையத்திலேயே அவர்களுடைய ராமை வாங்கிப் போட்டுக்கொள்வது மேல். விலை கூடுதல்தான், 2025இன் பிற்பகுதியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தக் கூடுதல் இன்னும் உறுத்தும். ஆனால் போட்ட பாகம் அவர்களுடைய பதிவேட்டில் ஏறிவிடும்; நாளை எது நடந்தாலும் விவாதமே எழாது. நாங்கள் வாரண்டிக் காலத்தில் அப்படித்தான் செய்கிறோம், வாரண்டி முடிந்த மறுநாள் முதல் நாங்களே திறக்கிறோம்.

பதில் 6: சாலிடர்மேசை (சென்னை)

அறுபது கணினிகளுக்கு அது சரி. ஒரே கணினி வைத்திருப்பவர் அதை மையத்தில் விட்டுவிட்டு நாலு நாள் கைகட்டி உட்கார வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலும் இவருடைய கணினியில் எதையும் கழற்றப்போவதில்லை, காலி இடத்தில் ஒன்றைச் சேர்க்கப்போகிறார், அவ்வளவுதான். வாரண்டிக்குக் கொடுக்க நேர்ந்தால் அந்த அட்டையை உருவிவிட்டால் கணினி பழைய நிலைக்கு வந்துவிடும். ஒளிப்பதற்காகச் சொல்லவில்லை, வெளி ராம் இருந்தால் சில மையங்களில் முதல் சந்தேகமே அதன் மேல்தான் விழும், உருவிய பிறகும் பழுது இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மின்னஞ்சலில் சம்மதம் வந்தபின் நீங்களே செய்வதானால் சில கவனங்கள். கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்துங்கள். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வையுங்கள். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால், கை வைக்கும் பக்கத்தில் சிறு கொப்புளம் போல மேலே தெரியும். அந்தக் கொப்புளம் ஒன்றே போதும், நீங்கள் திறந்ததில் சேதம் என்று எழுதிவிடுவார்கள். மூடியைப் பிரிக்கத் திருப்புளியைச் செருகாதீர்கள், பழைய ஏடிஎம் அட்டை போதும். ரப்பர்க் கால்களுக்கு அடியிலும் திருகாணி ஒளிந்திருக்கலாம். மூடி வரவில்லை என்றால் இழுக்காமல் தேடுங்கள். ராம் அட்டையைத் தொடுமுன் ஏதேனும் ஓர் இரும்புப் பொருளைத் தொட்டுவிட்டு, ஓரங்களை மட்டும் பிடித்து, சாய்வாக முழுதும் உள்ளே தள்ளிப் பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘டிக்’ என்று சொல்ல வேண்டும். தங்க நிறப் பற்கள் வெளியே நீளமாகத் தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை என்று பொருள்.

முதல் முறை எழும்போது திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கும். புதிய ராமை போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது, பதறி அணைத்துவிடாதீர்கள். அன்றிரவே விண்டோஸில் உள்ள மெமரி சோதனையை ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். பழுதான அட்டை என்றால் மாற்றிக்கொள்ளும் கெடுவுக்குள் தெரிந்துவிடும்.

பதில் 7: பக்கவடிவன் (மதுரை)

பதினெட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

திருச்சி நண்பர் கேட்டதற்கு முதலில் பதில். அந்தத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடையின் முத்திரையும் விற்ற தேதியும்தான் இருந்தன. தயாரிப்பாளரின் பெயர் எங்குமே இல்லை. குறிப்பேட்டிலும் அடிமூடியைத் திறக்கக் கூடாது என்ற வரி இல்லை. மாறாக, அதே மாடலின் பராமரிப்புக் கையேட்டில் ராம் பொருத்தும் முறை படங்களோடு இருக்கிறது. மின்னஞ்சலுக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது: காலி இடத்தில் பொருத்தமான ராம் சேர்ப்பதால் வாரண்டி நிற்காது, சேர்த்த ராமும் அதனால் வரும் சேதமும் வாரண்டியில் அடங்காது. அதை அச்செடுத்து, கணினி வாங்கிய ரசீதோடு வைத்துவிட்டேன். தாளைக் கிழிக்குமுன் அதையும் திருகாணிகளையும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டேன்.

16 ஜிபி அட்டை வாங்கி நானே பொருத்தினேன். கோவை நண்பர் சொன்ன தயக்கம் கடைசி வரை இருந்தது. ரப்பர்க் காலுக்கு அடியில் உண்மையிலேயே ஒரு திருகாணி இருந்தது. அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் மூடியை உடைத்திருப்பேன். முதல் முறை எழுப்பியபோது திரை கறுப்பாக நின்ற நேரத்தில் மனம் என்னென்னவோ நினைத்தது. ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. இரவு முழுவதும் ஓடிய சோதனையில் பிழை ஏதும் இல்லை.

இப்போது அதே புத்தகம், அதே அட்டை, அதே உலாவி. மெமரி 55 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. டிவைஸ் மேனேஜரில் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறிவிட்டது. நேற்று அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் தள்ளிப் பார்த்தேன். மூன்று இடங்களில் மட்டும் சாம்பல் கட்டம் எட்டிப் பார்த்தது, மூன்றுமே அச்சகம் கேட்ட அளவைவிடப் பெரிதாக நான் வைத்திருந்த படங்கள்.

ஒரு சிறு ஐயம் மிச்சமிருக்கிறது. ராம் அட்டையின் மேலுள்ள வரிசை எண் ஒட்டுத்தாளை எடுத்துவிட்டால் சூடு குறையும் என்று ஒருவர் சொன்னார். எடுக்கலாமா?

பதில் 8: சாலிடர்மேசை (சென்னை)

எடுக்காதீர்கள். ராமை விற்ற நிறுவனம் தரும் வாரண்டிக்கு அந்த ஒட்டுத்தாள்தான் அடையாளம்.